சுடுகாட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து சென்ட்

ஊரின் நடுவில் நூலகம் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ஊரின் நடு யாருக்கு என்ற அடிப்படை விவரம்கூடத் தெரியாதவர்கள் புத்தகம் படித்து என்ன கிழிக்கப் போகிறார்கள்?

ஊரின் நடு முதலில் நகைக்கடைக்கு. அட்சய திருதியை அன்று வரிசை நிற்க அகலமான நடைபாதை வேண்டும். அதை நகராட்சியே போட்டுக் கொடுக்கும். அடுத்தது தலைவர்களின் சிலைகளுக்கு. உயிரோடிருந்தபோது ஊர் ஊராக நடந்தவர்களைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்திப் பூட்டுப் போட்டு வைக்க நாற்சந்தியை விட்டால் வேறு இடம் ஏது? பிறகு மதுக்கடை, பிறகு கல்யாண மண்டபம், பிறகு கட்சி அலுவலகம். இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால் கட்டணக் கழிப்பிடம். அது ஆண்டுதோறும் ஏலத்துக்குப் போகிறது, நாலு பேருக்கு வருமானம் தருகிறது. ஆகவே அதற்கும் ஊரின் நடுவில் உரிமை உண்டு. நூலகம் ஏலத்துக்குப் போகுமா? ஏலம் எடுத்தவர் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்று வசூலிக்க முடியுமா? முடியாதல்லவா? அப்புறம் என்ன பேச்சு.

நான் சொல்வது மிகை என்று நினைப்பவர்கள் ஒரு நகர்மன்றக் கூட்டத்துக்கு வாருங்கள். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதால் பெயரே போடாமல் விட்டிருக்கிறேன்.

அன்றைய பொருள் நிரலில் தெருவிளக்கு, கழிவுநீர் அடைப்பு, கொசு மருந்து, திருவிழாவுக்கு பிளீச்சிங் பவுடர் எல்லாம் தாண்டிக் கடைசிக்கு முந்தின பக்கத்தில் அது கிடக்கிறது: கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட இடம் ஒதுக்கக் கோரி மாவட்ட நூலக அலுவலர் எழுதிய கடிதம். நினைவூட்டுக் கடிதம் என்று சொல்ல வேண்டும். முதல் கடிதம் எழுதிய அலுவலர் பணி ஓய்வு பெற்றுவிட்டார்.

முதலில் பழைய பேருந்து நிலையம். பேருந்துகள் புறவழிச்சாலைக்குப் போன பிறகு சும்மா கிடக்கும் நிலம். கடைவீதியிலிருந்து கூப்பிடு தூரம்.

“அது வணிக வளாகத்துக்குன்னு போன கூட்டத்துலயே முடிவாச்சே தலைவரே” என்கிறார் ஒன்பதாவது வார்டு.

“முடிவாகலை. பேச்சுதான் நடந்துச்சு” என்கிறார் பதினான்காவது வார்டு.

“என்ன பேச்சு? கடைக்காரங்ககிட்ட அட்வான்ஸே வாங்கி...” என்று தொடங்கிய ஒன்பதாவது வார்டைத் தலைவர் ஒரு பார்வை பார்க்கிறார். ஒன்பதாவது வார்டு தண்ணீர் குடிக்கிறார்.

வருவாய்ப் பிரிவு அதிகாரி எழுந்து, வளாகம் வந்தால் மாதா மாதம் வாடகை வரும், உள்ளாட்சி சொந்தக் காலில் நிற்க வேண்டாமா என்கிறார். “நூலகம் வந்தா என்ன சார் வரும்?” என்று யாரோ கேட்கிறார்கள். மன்றத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. முதல் இடம் போயிற்று.

இரண்டாவது இடம், பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட ஆரம்பப் பள்ளி. நாலு வகுப்பறை, வேப்பமரம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே நகராட்சியின் பழுதான குப்பை வண்டிகள் நிற்கின்றன. “வண்டிகளை நான் எங்க கொண்டு போய் நிறுத்தறது?” என்று சுகாதாரப் பிரிவு அதிகாரி கேட்கிறார். நியாயமான கவலை. படிக்கிற பையன் எங்கே வேண்டுமானாலும் உட்காருவான். ஓடாத வண்டிக்கு ஒதுங்க இடம் வேண்டாமா? மன்றம் ஒட்டுமொத்தமாக வண்டிகளின் பக்கம் சாய்கிறது.

மூன்றாவது, பூங்காவின் ஓரம். ஆணையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பூங்கா நிலத்தில் கட்டடம் எழுப்ப விதி இடம் தராது என்கிறார். விதி அப்படித்தான். அதே பூங்காவின் ஒரு மூலையில் டீக்கடையும் இன்னொரு மூலையில் மூன்று கட்சிகளின் கொடிமேடைகளும் முளைத்த நாளில் மட்டும் அந்த விதி மருத்துவ விடுப்பில் இருந்திருக்கிறது. நூலகத்தின் பெயரைக் கேட்டதும் உடம்பு தேறி வேலைக்கு வந்துவிட்டது.

இனிமேல்தான் தீர்வு. “சுடுகாட்டுக்கு இந்தப் பக்கம் அஞ்சு சென்ட் கிடக்கு. புறம்போக்கு. ஒரு வில்லங்கமும் இல்லை” என்று பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. வில்லங்கம் எப்படி இருக்கும்? ஆக்கிரமிக்கக்கூட ஆள் வராத இடம். “நல்ல அமைதியான இடம். படிக்கறதுக்கு அமைதிதானே முக்கியம்?” என்று இன்னொருவர் தாளம் போடுகிறார்.

அப்போது ஒரு பெண் உறுப்பினர் எழுகிறார். வழக்கமாக அவருக்காக அவர் கணவர்தான் பேசுவார். அன்று கணவர் வெளியூர் போயிருந்ததால் அவரே பேச நேர்ந்துவிட்டது. “அந்தப் பக்கம் பஸ்ஸே போகாதுங்களே. லைட்டும் கிடையாது. சாயங்காலம் பொம்பளைப் புள்ளைங்க எப்படிங்க போய் வரும்?”

தலைவர் அன்பாகச் சிரிக்கிறார். “எல்லார் கையிலயும் செல்போன் இருக்கும்மா. இப்ப யாரு நூலகத்துக்குப் போறா?”

யாரும் போகாத இடத்துக்கு எதற்குத் தனியாக இடம் என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. சமோசா வந்துவிட்டது.

கட்டடமும் ஒரு நாள் எழுந்துவிடும். கல்வெட்டில் பதினேழு பெயர்கள். உள்ளே இரண்டு அறைகள். இந்தச் சுடுகாட்டோர நூலகங்களைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? முதல் மழைக்கே மேல்தளம் ஓதம் இழுக்கும். கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இனி எவராலும் பிரிக்க முடியாத ஒற்றுமையோடு அலமாரியில் நிற்கும். உள்ளே இருக்கும் ஏழெட்டு நாற்காலிகளில் காலையிலேயே செய்தித்தாள் படிக்க வந்த பெரியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வாசற்படியில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, தனிவட்டி கூட்டுவட்டிக் கணக்குப் போடுவார்கள். குடிதண்ணீர் அவரவர் பாட்டிலில். கழிப்பறை அவரவர் சாமர்த்தியம். மதியம் கதவைப் பூட்டும்போது எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்து, மாலையில் திறந்ததும் மறுபடி படிக்கு வருவார்கள். நூலகர் ஒருவரே பெருக்கி, அடுக்கி, பதிவேடு எழுதி, தெருநாயையும் விரட்டுவார். ஆறு மணிக்கு மேல் அங்கே ஒரு பெண்ணைப் பார்க்க முடியாது. இருட்டில் சுடுகாட்டுச் சாலை வழியே எந்த வீட்டில் மகளை அனுப்புவார்கள்? ஆனால் நாம் விட மாட்டோம். பெண்களிடையே வாசிப்புப் பழக்கம் குறைவது ஏன் என்று குளிரூட்டிய அரங்கில் கருத்தரங்கம் நடத்துவோம். அந்த அரங்கம் ஊரின் நடுவில் இருக்கும்.

வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறையும். குறைந்த எண்ணிக்கையைக் காட்டி, பகுதி நேரமாக்கலாமே என்று ஒருவர் குறிப்பு எழுதுவார். போக முடியாத இடத்தில் வைப்பது, பிறகு வரவில்லை என்று குற்றம் சாட்டுவது, அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக நேரத்தைக் குறைப்பது. திருடனே நீதிபதியாக உட்கார்ந்த வழக்கில்கூட இதைவிடச் சுருக்கமாகத் தீர்ப்பு வராது.

அரசுக்கு இடம் தேர்வு செய்யத் தெரியாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இடத் தேர்வில் தமிழ்நாடு அரசுக்கு நிகராக ஒரு நிறுவனமும் கிடையாது. சான்று வேண்டுமா? டாஸ்மாக்.

மதுக்கடை எங்கே இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டப்படி விதி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். ஐம்பது மீட்டர் என்பது தள்ளாடிக்கொண்டே கடக்கக்கூடிய தூரம். குடிமகன் மீது அவ்வளவு கரிசனம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் மண்ணைப் போட்டது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

அப்போது நம் நிர்வாகம் காட்டிய சுறுசுறுப்பைப் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும். கடையைச் சாலையிலிருந்து நகர்த்த முடியாதா? சாலையைக் கடையிலிருந்து நகர்த்து! அதாவது ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை நகராட்சிச் சாலை, மாநகராட்சிச் சாலை என்று வகை மாற்றிவிட்டால் அது நெடுஞ்சாலை இல்லை. நெடுஞ்சாலை இல்லையென்றால் 500 மீட்டர் இல்லை. உள்ளாட்சிகள் இதற்குத் தீர்மானம் போட வேண்டும் என்று அந்த ஏப்ரலிலேயே சுற்றறிக்கை பறந்தது. அப்போது உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே கிடையாது; 2016 அக்டோபரிலிருந்து தனி அலுவலர்களின் ஆட்சி. உறுப்பினர் இல்லாத மன்றத்தில், தனி அலுவலர் முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, அவரே ஏகமனதாக நிறைவேற்ற வேண்டிய தீர்மானம். இந்த வகையில் மாற்றப்படும் சாலைகளில் கடை திறக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது வேறு கதை. மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே கொண்டுவர முயன்றபோது பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி இறங்கிய ஒரு பெண்ணின் கன்னத்தில் காவல்துறை உயரதிகாரி ஒருவர் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த மாநிலத்தில் எந்தத் தெருவிலாவது நூலகம் திறந்தே தீர வேண்டும் என்பதற்காக அரசு யாரையாவது அறைந்திருக்கிறதா? அறைய வேண்டாம், அதற்காக ஒரு சாலையின் வகையை, ஒரு நிலத்தின் வகைப்பாட்டை, ஒரு பழுதான குப்பை வண்டி நிற்கும் இடத்தை மாற்றியிருக்கிறதா? ஒரு கடையைக் காப்பாற்ற நெடுஞ்சாலையையே இல்லாமல் ஆக்கத் தெரிந்தவர்கள், ஒரு நூலகத்துக்கு ஊருக்குள் ஐந்து சென்ட் என்றதும் கையை விரிக்கிறார்கள்.

நிலம்தான் இல்லை, பணமாவது இல்லையா என்றால், அது கதையிலேயே கேவலமான பகுதி. உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்துவரியில் நூற்றுக்குப் பத்து. 1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிக்கப்படுவது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நாம்தான். நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன் எழுதி எழுதி, அலைந்து அலைந்து, அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறியது. மேடையில் பெருமை பேச இது போதும். மேடையை விட்டு இறங்கினால், உள்ளாட்சிகள் வசூலிக்கிற அந்த வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பல உள்ளாட்சிகள் அதைக் கட்டாமல் கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்து, செய்தி என்ற தகுதியையே இழந்துவிட்டது.

வீட்டு உரிமையாளர் இந்த வரியையும் சேர்த்துத்தான் வாடகையைக் கணக்குப் பண்ணுகிறார். ஆக, ஒற்றை அறையில் குடியிருந்து, மகனைக் குரூப் 4-க்குப் படிக்க வைக்கும் அம்மா, வாசற்படியில் அவன் உட்காரும் அந்த இடத்துக்கும் சேர்த்து மாதாமாதம் பணம் கட்டுகிறாள். நீங்களும் நானும் வரி கட்டத் தவறினால் வீட்டு வாசலில் தண்டோரா போடுவார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள். எங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நூலகத்துக்குத் தராத நகராட்சியின் வாசலில் யார் தண்டோரா போடுவது? நூலகத் துறை வேண்டுமானால் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதும். கடிதம் எழுதுகிறவர் எப்போது ஓய்வு பெறுவார் என்று நகராட்சிக்குத் தெரியும்.

“சும்மா அரசைத் திட்டாதீர்கள், கோட்டூர்புரத்தைப் பாருங்கள்” என்பார்கள். பார்ப்போம். நல்லதைப் பாராட்டாவிட்டால் நாக்கு அழுகிவிடும். 2010 செப்டம்பர் 15 அன்று கருணாநிதி திறந்து வைத்த அண்ணா நூற்றாண்டு நூலகம்: எட்டு ஏக்கர், ஒன்பது தளங்கள், பன்னிரண்டு லட்சம் புத்தகங்களுக்கு இடம், பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி. பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் பக்கத்தில். ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அரசு நினைத்தால் என்னவெல்லாம் முடியும் என்பதற்கும் அதே கட்டடம் சான்று. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பர் 2 அன்று ஜெயலலிதா அரசு அறிவித்தது: நூலகம் இருக்கும் இடம் சரியில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகத்தில் வரப்போகும் ஒருங்கிணைந்த அறிவுசார் பூங்காவுக்கு நூலகம் போகும்; கோட்டூர்புரம் கட்டடம் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனை ஆகும். எவ்வளவு நுட்பம், பாருங்கள்! எதிர்ப்பவன் குழந்தைகளின் எதிரி. அதே ஆண்டுதான் ஓமந்தூரார் தோட்டத்தில் முந்தைய ஆட்சி கட்டிய புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடமும் மருத்துவமனை ஆகும் என்று அறிவித்தார்கள். முந்தைய முதல்வர் கட்டிய கட்டடம் கண்ணில் பட்டாலே அங்கே ஒரு நோயாளியைப் படுக்க வைக்கத் தோன்றும் மருத்துவச் சேவை மனப்பான்மை உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதது.

இட மாற்றத்துக்கு என்ன ஆய்வு நடந்தது? எத்தனை வாசகர்களைக் கேட்டார்கள்? புத்தக அடுக்குகளுக்காகக் கட்டிய தளங்களில் அறுவைச் சிகிச்சை அரங்கம் எப்படி வரும் என்று எந்தப் பொறியாளர் சொன்னார்? இதெல்லாம் அற்பமான கேள்விகள். நூலகம் இருந்த இடத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதன் கல்வெட்டில் வேறொருவர் பெயர் இருந்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் அந்த வாரமே தடை விதித்தது. இல்லாவிட்டால் லட்சக்கணக்கான புத்தகங்கள் லாரியில் ஏறி, இன்னும் கட்டப்படாத பூங்காவைத் தேடிக்கொண்டு நகரைச் சுற்றியிருக்கும்.

தடை வந்ததும் வேறு வழியில் பழி தீர்த்தார்கள். நகர்த்த முடியாத நூலகத்தைப் பட்டினி போட்டார்கள். புதிய நூல்கள் வருவது தேய்ந்தது, பராமரிப்பு படுத்தது. 2012-ல் அதன் அரங்கத்தில் கல்யாண வரவேற்பு விருந்தே நடந்தது. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஒரு மாநிலத் தலைநகரின் மாபெரும் நூலகத்தைக் கூட்டிப் பெருக்கவும் குழாயைச் சரிசெய்யவும் நீதிபதிகள் உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார்கள். பந்தி நடந்த இடத்தில் அதற்குப் பிறகும் படிக்க வந்தார்களே, அவர்கள்தான் இந்த மாநிலத்தின் மானத்தைக் காப்பாற்றியவர்கள்.

மறுபடி ஆட்சி மாறியது. 2021 ஜூனில் மதுரைக்குக் கலைஞர் நினைவு நூலகம் என்று அறிவிப்பு வந்தது. புதுநத்தம் சாலையில் பொதுப்பணித் துறை வளாகத்தில் இடம் தேர்வானது. உடனே எதிர்க்கட்சிக்கு வரலாற்று உணர்வு பொங்கியது. அது முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் குடியிருந்த வீடு, இடிக்கக் கூடாது என்றார்கள். அரசு ஆவணத்தை எடுத்துக் காட்டியது: பென்னிகுவிக் இறந்தது 1911, அந்தக் கட்டடம் கட்டி முடித்தது 1913. செத்து இரண்டு ஆண்டு கழித்து ஒரு வெள்ளைக்காரரை மதுரைக்குக் குடியேற்றியாவது நூலகத்தை நிறுத்தப் பார்த்தவர்கள், பத்து ஆண்டு முன்பு கோட்டூர்புரத்தில் நிறுத்தப் பார்த்த அதே கட்சிக்காரர்கள். ஐந்து மாவட்டங்களின் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த மனிதருக்கு நாம் செய்த நன்றி இது. அவர் பெயரை ஒரு பொய்யில் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம்.

2023 ஜூலை 15 அன்று மதுரை நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகள் வருகிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது. மகிழ்ச்சி. அதைத் தொடர்ந்து கோவை, திருச்சி என்று பெரிய நூலகங்களுக்கான அறிவிப்புகள் வரிசை கட்டின. ஒவ்வொன்றிலும் ஒரு தலைவரின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான கோடி. ஆளுங்கட்சிக்காரர்கள் இங்கே கைதட்டக் கூடாது, கணக்குப் போட வேண்டும். அறிவித்து இரண்டே ஆண்டில் மதுரையில் இடம் கிடைத்தது, வழக்கு வாதம் தாண்டியது, ஏழு தளம் எழுந்தது, திறப்பு விழா நடந்தது. அதாவது ஊருக்குள் நிலம் இருக்கிறது. பணம் இருக்கிறது. பொறியாளர் இருக்கிறார். வேகம் இருக்கிறது. இந்த நான்கும் தலைவரின் பெயர் பொறித்த நூலகத்துக்கு மட்டும் எப்படிக் கிடைக்கின்றன? மாநிலத்தில் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதாகப் பெருமையாகச் சொல்கிறோமே, அவற்றில் வாடகை வீட்டிலும் ஒழுகும் கூரையிலும் ஊர்க்கோடியிலும் கிடப்பவற்றின் குறை, அவற்றுக்குச் சூட்ட ஆளுக்கொரு தலைவர் இல்லாததுதானா? தாராளமாகச் சூட்டிக்கொள்ளுங்கள். வார்டுச் செயலாளரின் பாட்டனார் பெயரை வைத்தாலும் ஆட்சேபம் இல்லை. கழிப்பறையும், சாயங்காலம் எரிகிற ஒரு விளக்கும், பேருந்து நிற்கிற தெருவும் கொடுத்துவிடுங்கள்.

ரங்கநாதனுக்கும் இங்கே நாம் விழா எடுப்பதுண்டு. சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் புத்தகமாக எழுதி உலகத்துக்கே கொடுத்தவர். புத்தகம் பயன்படுவதற்கே என்பது அவருடைய முதல் விதி. அந்த விதியை விளக்கப் புகுந்தவர் சீக்கிரத்திலேயே எடுத்துக்கொண்ட விஷயம், நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. இடத்தைப் பார்த்தாலே நடத்துகிறவர்களுக்குப் புத்தகத்தின் மீது நம்பிக்கை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற பொருளில் எழுதினார். படத்துக்கு மாலை போடும் துறையில் அந்த அத்தியாயத்தைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நிலம் ஒதுக்கும் துறையில் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற மனிதர் ஒரு மாட்டுவண்டியில் புத்தக அலமாரியை ஏற்றிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகன் நடந்து வர முடியாத தூரத்தில் இருந்தால் புத்தகம் அவனிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வண்டிக்கு இடத் தேர்வுக் குழு கிடையாது, சாத்தியக்கூறு அறிக்கை கிடையாது, நினைவூட்டுக் கடிதம் கிடையாது. இரண்டு மாடுகள் இருந்தன. தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, விண்கலம் விடுகிற நாட்டில், ஓடாத குப்பை வண்டிக்கு ஊரின் நடுவையும் ஓயாமல் படிக்கிற பிள்ளைக்குச் சுடுகாட்டு ஓரத்தையும் ஒதுக்கியிருக்கிறோம். அந்த மாடுகளுக்கு இருந்த திசையறிவு ஒரு மன்றத்துக்கு முழுசாக இல்லை.

ஆகவே மாண்புமிகு மன்றத்துக்கு நம்முடைய கோரிக்கை எளிமையானது. இடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. இனி அதைக் கேட்பதாக இல்லை. அடுத்த கூட்டத்தில், நூலகத்துக்கு ஊருக்குள் இடம் தர இயலாது என்ற தீர்மானத்தோடு இன்னொன்றையும் சேர்த்து நிறைவேற்றிவிடுங்கள்: இந்த ஊர் மக்கள் படிப்பதில் இம்மன்றத்துக்கு அக்கறை இல்லை; ஆகையால் நூலக வரி என்ற பெயரில் இதுவரை வசூலித்துக் கட்டாமல் வைத்திருக்கும் தொகை முழுவதும், வட்டியுடன், வரி கட்டியவர்களுக்கே திருப்பித் தரப்படும். அதையும் ஏகமனதாகவே நிறைவேற்றுங்கள். சமோசா செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

எத்தனை ஆண்டு நிலுவை, எவ்வளவு வட்டி என்று கணக்குப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். வாசற்படியில் உட்கார்ந்து கூட்டுவட்டி போட்டுப் பழகிய பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் தேறுவார்கள். மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.